அக்கா டிப்ஸ்: அந்த செல் இன்னும் சாகவில்லை

தம்பி, அந்த 9 வோல்ட் சதுர பேட்டரியை முதலில் கீழே வை.

காலேஜ் ப்ராஜெக்ட் என்றாலே அதை வாங்கி, ஒரு 7805 போட்டு 5 வோல்ட் ஆக்கி, டெமோ நடுவில் எல்இடி மங்கியதும் "டூப்ளிகேட் பேட்டரி கொடுத்துட்டான்" என்று ரிச்சி தெருக் கடைக்காரரைத் திட்டுவது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. அவர் மேல் தப்பில்லை. கணக்கைப் பார். சதுர பேட்டரி நல்ல அல்கலைன் ரகமாக இருந்தாலே 500 எம்ஏஎச் அளவுதான் தாங்கும். மலிவான ஜிங்க் கார்பன் ரகம் அதற்கும் கீழே. 7805 அந்த 9 வோல்ட்டில் 4 வோல்ட்டை வெறும் சூடாக்கித் தள்ளிவிடும். தன் செலவுக்கென்று 5 மில்லி ஆம்ப் வரை தனியாக எடுத்துக்கொள்ளும். உள்ளே வருவது 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஒழுங்கான 5 வோல்ட்டும் தராது.

இரண்டு ஏஏ அல்கலைன் செல்லை எடுத்துக்கொள். கடிகாரத்துக்குப் போடுகிற அதே பென்சில் செல்தான். குறைந்த லோடில் ஒவ்வொன்றும் 2500 எம்ஏஎச் பக்கம் வரும். இரண்டும் சேர்ந்து 7 வாட்-அவர். சதுர பேட்டரியில் 4 இருந்தால் பெரிது, அதிலும் பாதியை 7805 சாப்பிட்டுவிடும். "ஆனா ரெண்டு செல் சேர்ந்தா 3 வோல்ட்தானே, எனக்கு 5 வேணுமே" என்பாய். அதற்குத்தான் பூஸ்ட் ரெகுலேட்டர்.

புது அல்கலைன் செல் 1.6 வோல்ட்டில் தொடங்கும். உண்மையிலேயே தீர்ந்துபோவது 0.9 வோல்ட் பக்கத்தில். நடுவில் அது நிதானமாக இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு செல்லை நேராக இணைத்து, 2.7 வோல்ட்டில் நின்றுவிடும் சர்க்யூட்டை ஓட்டினால், செல் ஒவ்வொன்றும் 1.35 வோல்ட்டில் இருக்கும்போதே உன் சர்க்யூட் படுத்துவிடும். அப்போது செல்லில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். பொம்மைக் காரில் செத்த செல்லை எடுத்து அம்மா சுவர்க் கடிகாரத்தில் போடுவார்களே, அது மாதக்கணக்கில் ஓடுமே, அந்த மிச்சம்தான் இது. அதை உன் சர்க்யூட்டே எடுத்துக்கொள்ள வழி செய்வதுதான் பூஸ்டின் வேலை.

உள்ளே நடப்பது எளிது. ஒரு ஸ்விட்ச் மூடும்போது செல்லின் மின்னோட்டம் காயில் வழியாக கிரவுண்டுக்கு ஓடி வேகம் பிடிக்கும். ஸ்விட்ச் சட்டென்று திறந்ததும் காயில் அந்த ஓட்டத்தை விடாது. வேகமாக ஓடும் தண்ணீரைப் படாரென்று அடைத்தால் குழாய் அதிருமே, அது மாதிரி ஒரு உந்துதல் எழும். அந்த உந்துதல் செல்லின் வோல்டேஜோடு சேர்ந்து டயோடு வழியாக அவுட்புட் கெப்பாசிட்டரை நிரப்பும். இது வினாடிக்கு லட்சக்கணக்கான முறை நடக்கிறது.

வோல்டேஜ் ஏறினால் கரன்ட் எங்கிருந்தோ வரவேண்டும் அல்லவா? அது செல்லிலிருந்துதான் வரும். 3.3 வோல்ட்டில் 100 மில்லி ஆம்ப் கேட்கிறாய் என்று வை. 0.33 வாட். ஒரே செல், 1 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது, பூஸ்டின் எஃபிஷியன்சி 80 சதவீதம். செல் கொடுக்கவேண்டியது 410 மில்லி ஆம்ப். பழைய செல்லின் உள்ளெதிர்ப்பு அரை ஓம் என்று வைத்தாலும் 0.2 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். செல் 0.8-க்கு வரும். வோல்டேஜ் குறைந்ததால் பூஸ்ட் இன்னும் அதிகமாக இழுக்கும், 500 மில்லி ஆம்ப்புக்கு மேல். செல் இன்னும் சரியும். இந்தச் சுழலில் சிக்கினால், மல்டிமீட்டரில் தனியாக 1.1 வோல்ட் காட்டுகிற செல்கூட சர்க்யூட்டில் போட்டதும் படுத்துவிடும்.

அதனால் இடம் இருந்தால் ஒரு செல்லுக்குப் பதில் இரண்டை சீரீஸில் போடு. செல்லிலிருந்து வரும் ஓட்டம் பாதியாகும், எஃபிஷியன்சியும் ஏறும். 3.3 வோல்ட் போதும் என்கிற இடத்தில் 5 வோல்ட் கேட்காதே. ரேடியோ அனுப்பும் நொடிக்கு மட்டும் இழுவை எகிறினால், இன்புட்டில் 100 மைக்ரோ ஃபாரட் ஒன்றை பூஸ்டுக்குப் பக்கத்திலேயே வை. ஒரே ஏஏ செல்லில் இஎஸ்பி32 வைஃபை ஓட்டலாமா என்று கேட்காதே. முடியாது என்று இல்லை, ஆனால் வைஃபை எழும்பும்போது அது சில நூறு மில்லி ஆம்ப் கேட்கும். அந்தச் செல்லைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படி. பூஸ்ட் போட்டால் பேட்டரி அதிக நாள் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதிப் பேருக்கு நாள் குறைகிறது. காரணம் ஒன்றுதான்: சர்க்யூட் தூங்கும்போது பூஸ்ட் தூங்குவதில்லை.

மாடித் தோட்டத்துத் தொட்டியில் மண் ஈரம் பார்க்க ஒரு சின்ன சர்க்யூட் செய்கிறாய். ஆட்மெகா328, கெபாசிட்டிவ் ஈர சென்சார், என்ஆர்எஃப்24 ரேடியோ. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து, 2 வினாடி 20 மில்லி ஆம்ப் இழுத்து, மறுபடி தூங்குகிறது. 600 வினாடிக்குச் சராசரி போட்டால் 0.067 மில்லி ஆம்ப். தூக்கத்தில் 5 மைக்ரோ ஆம்ப். மொத்தம் 0.072. 2500-ஐ இதால் வகுத்தால் 34,700 மணி நேரம், கிட்டத்தட்ட நான்கு வருடம். இது காகிதக் கணக்கு, மொட்டை மாடி வெயிலில் செல் தானாகவே கொஞ்சம் இழக்கும். இருக்கட்டும். இதே சர்க்யூட்டில், சும்மா இருக்கும்போதும் 1 மில்லி ஆம்ப் குடிக்கிற ஒரு மாட்யூலைச் சேர். சராசரி 1.072 ஆகிவிடும். 2500 எம்ஏஎச் 97 நாளில் காலி. நான்கு வருடம் மூன்று மாதமாகச் சுருங்கியது, அதுவும் "பேட்டரி லைஃபைக் கூட்ட" வாங்கிய பொருளால்.

கடையில் பூஸ்ட் மாட்யூல் என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் எம்டி3608. நீல நிறத்தில் திருகும் பாட் வைத்த சின்ன போர்டு. நல்ல மாட்யூல்தான், அதன் வேலை வேறு. அதைத் திருப்பிப் பார்த்தால் பாட் 100 கிலோ ஓம், கூடவே ஒரு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். ஐசியின் ஃபீட்பேக் வோல்டேஜ் 0.6. அந்த 2.2 கிலோ வழியாக எப்போதும் 0.27 மில்லி ஆம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். 5 வோல்ட் அவுட்புட், செல் இரண்டும் சேர்ந்து 2.4 வோல்ட் என்றால், இழப்பே இல்லாவிட்டாலும் செல் பக்கத்தில் அது 0.57 மில்லி ஆம்ப். ஐசியின் சொந்தச் செலவை இன்னும் சேர்க்கவே இல்லை. தவிர, அதற்கு இன்புட் குறைந்தது 2 வோல்ட் வேண்டும். ஒற்றைச் செல்லுக்கு ஆகாது. யுஎஸ்பி சாக்கெட் வைத்த "0.9-லிருந்து 5 வோல்ட்" குட்டி மாட்யூலில் பெரும்பாலும் ஒரு சிவப்பு எல்இடி எரிந்துகொண்டிருக்கும். சால்டரிங் அயர்னை வைத்து அதை முதலில் கழற்று.

தூங்கும் சர்க்யூட்டுக்கு வாங்கவேண்டியது வேறு ரகம். டேட்டாஷீட்டில் இரண்டு எண்ணைத் தேடு: எத்தனை வோல்ட்டில் ஸ்டார்ட் ஆகும், சும்மா இருக்கும்போது எவ்வளவு குடிக்கும். மைக்ரோசிப்பின் எம்சிபி1640 0.65 வோல்ட்டில் கிளம்பும், சும்மா இருக்கும்போது 19 மைக்ரோ ஆம்ப். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஎஸ்61220 0.7 வோல்ட்டில் கிளம்பும், 5.5 மைக்ரோ ஆம்ப். ஆனால் அது குண்டூசித் தலை சைஸ், கையால் சால்டர் பண்ண உனக்குப் பொறுமை வேண்டும். பிரெட்போர்டில் சொருகிப் பார்க்க ஆசைப்பட்டால் ஹோல்டெக்கின் எச்டி7733 அல்லது எச்டி7750 வாங்கு. டிரான்சிஸ்டர் மாதிரி மூன்று கால். முன்னது 3.3 வோல்ட், பின்னது 5. வெளியே ஒரு காயில், ஒரு டயோடு, இரண்டு கெப்பாசிட்டர் போதும். ஒரு எச்சரிக்கை: எம்சிபி1640-லேயே பி, டி என்று வால் எழுத்து வைத்தவை லோடு குறைந்தாலும் விடாமல் ஸ்விட்ச் பண்ணிக்கொண்டே இருப்பவை. உனக்கு வால் இல்லாததோ சி-யோ வேண்டும்.

ஒற்றை டிரான்சிஸ்டரில் கம்பி சுற்றிச் செய்கிற ஜூல் தீஃப் பற்றிக் கேட்காமல் இருக்கமாட்டாய். வெள்ளை எல்இடி எரிய வைக்க அது ஜோர். மைக்ரோகன்ட்ரோலருக்குக் கொடுக்காதே. அதன் அவுட்புட்டுக்குக் கட்டுப்பாடு கிடையாது.

அடுத்தது ஆஃப் பண்ணுவது. பூஸ்டில் எனேபிள் கால் இருக்கும், அதை லோ ஆக்கினால் ஆஃப் என்று நினைப்பாய். சாதாரண பூஸ்டில் ஸ்விட்ச்சிங்தான் நிற்கும். செல்லிலிருந்து காயில், டயோடு வழியாக அவுட்புட்டுக்கு நேர்வழி திறந்தே கிடக்கும். சென்சார் 2.5 வோல்ட்டில் அரைத் தூக்கத்தில் கரன்ட்டைக் குடித்துக்கொண்டிருக்கும். டேட்டாஷீட்டில் "ட்ரூ டிஸ்கனெக்ட்" என்று போட்டிருந்தால்தான் அது உண்மையான ஆஃப். வால் எழுத்து இல்லாத எம்சிபி1640-ல் அது உண்டு. சி ரகம் வேண்டுமென்றே செல்லை அவுட்புட்டோடு இணைத்து வைக்கும். மைக்ரோகன்ட்ரோலரையே பூஸ்டின் அவுட்புட்டில் வைத்து, தூங்கும்போது செல் வோல்டேஜிலேயே உயிரோடு வைக்க நினைத்தால் அது வசதி.

நான் உனக்குச் சொல்வது இந்த ஏற்பாடு. மைக்ரோகன்ட்ரோலரையும் ரேடியோவையும் பூஸ்டில் சேர்க்காதே, நேராகச் செல்லில் வை. என்ஆர்எஃப்24 1.9 வோல்ட் வரை தாங்கும். ஆட்மெகா328-ஐ 4 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்குக் கீழே ஓட்டினால் 1.8 வரை தாங்கும். ஈர சென்சாருக்கு மட்டும் 3.3 வோல்ட் வேண்டும். அதை மட்டும் பூஸ்டில் வைத்து, அளக்கும் அந்த இரண்டு வினாடிக்கு எனேபிளை ஏற்று, முடிந்ததும் இறக்கு. எனேபிள் காலிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் ஒன்று போடு, ரீசெட் நேரத்தில் கால் அந்தரத்தில் நின்றால் பூஸ்ட் தானாக விழித்துக்கொள்ளும். சென்சாரின் சிக்னல் வயரில் 10 கிலோ ஓம் ஒன்று போடு, ஏனென்றால் சென்சார் 3.3-ல் இருக்கும்போது கன்ட்ரோலர் 2.2-ல் இருக்கலாம். இப்படிச் செய்தால் பூஸ்டின் சும்மா செலவு கணக்கிலேயே வராது.

இதைவிட நல்ல வழியும் உண்டு: பூஸ்டே தேவைப்படாத சென்சாரை வாங்குவது. டிஎச்டி22-க்கு 3.3 வோல்ட் கட்டாயம். அதே வெப்பமும் ஈரப்பதமும் அளக்கிற எஸ்எச்டி31 2.15 வோல்ட்டிலிருந்தே ஓடும். பிஎம்இ280 1.71-லிருந்து. விலை கூடுதல்தான். பூஸ்ட், காயில், உன் இரண்டு ராத்திரித் தூக்கம், எல்லாம் சேர்த்துப் பார், பிறகு முடிவு பண்ணு.

ஆர்டுவினோ ப்ரோ மினி வைத்துக்கொண்டு "செல்லில் இன்னும் 2.6 இருக்கு, ஆனா ஓடமாட்டேங்குது" என்று வருகிறவர்களுக்கு: போர்டோடு வருகிற ஃப்யூஸ் செட்டிங்கில் பிரவுன்-அவுட் 2.7 வோல்ட்டில் வைக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனதும் சிப் தன்னைத்தானே ரீசெட் பண்ணிக்கொள்ளும். அதை 1.8-க்கு மாற்று, ஆனால் வேகத்தையும் குறைத்த பிறகு. 8 மெகாஹெர்ட்ஸில் ஓடவிட்டு 1.8-க்கு இறக்கினால் சிப் உளறும். பவர் எல்இடியை எடுப்பது உனக்குத் தெரியும்.

லித்தியம் அயான் செல்லுக்கும் இதே பூஸ்ட்தானா? 18650 செல் 4.2 வோல்ட்டில் தொடங்கும். உனக்கு வேண்டியது 3.3. பூஸ்டால் இறக்க முடியாது. செல் நிரம்பியிருக்கும்போது அந்த வோல்டேஜ் டயோடு வழியாக அப்படியே அவுட்புட்டுக்கு வந்து 3.6 வோல்ட் மட்டுமே தாங்கும் சிப்பைக் காலி பண்ணலாம். இங்கே எம்சிபி1700 மாதிரி ஒரு சின்ன எல்டிஓ போதும். சும்மா குடிப்பது 1.6 மைக்ரோ ஆம்ப். சராசரி 3.7 வோல்ட்டிலிருந்து 3.3-க்கு இறக்குவதில் 11 சதவீதம்தான் போகும். வோல்டேஜை இறக்கும் ஸ்விட்ச்சிங் ரெகுலேட்டரும் அதைவிடப் பெரிதாக மிச்சம் பிடித்துவிடாது. 5 வோல்ட் வேண்டுமென்றால் மட்டும் 18650-க்கு பூஸ்ட். சிஆர்2032 காயின் செல்லில் பூஸ்ட் போடுவதில் எனக்கு இஷ்டமில்லை. 220 எம்ஏஎச், உள்ளெதிர்ப்பு அதிகம், பூஸ்ட் கிளம்பும் முதல் இழுப்பிலேயே வோல்டேஜ் தடுமாறும்.

பார்ட்ஸ் விஷயத்தில் எல்லோரும் ஐசிக்குச் செலவழித்துவிட்டு காயிலில் சிக்கனம் பார்ப்பார்கள். ரெசிஸ்டர் மாதிரியே கலர் கோடு போட்ட பச்சைக் காயில் மலிவு. அதன் கம்பியெதிர்ப்பு ஓம் கணக்கில் இருக்கும். நாம் மேலே பார்த்த 410 மில்லி ஆம்ப் அரை ஓம் காயிலில் ஓடினால் 0.08 வாட் போச்சு, செல் கொடுப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. 0.1 ஓம் அளவில் இருக்கிற பவர் இண்டக்டராக வாங்கு. சாச்சுரேஷன் கரன்ட் உன் உச்ச இழுவையைவிட அதிகமா என்று பார். டயோடு 1என்4007 வேண்டவே வேண்டாம். அது 50 ஹெர்ட்ஸ் அடாப்டருக்கான மந்த டயோடு. 1என்5817 போடு, ஷாட்கி ரகம். சிங்க்ரனஸ் பூஸ்ட் ஐசியாக இருந்தால் டயோடே தேவையில்லை. எம்சிபி1640-ம் டிபிஎஸ்61220-ம் அந்த ரகம். கெப்பாசிட்டர் செராமிக்காக ஐசியின் காலை ஒட்டி வை. செல் ஹோல்டரின் ஸ்பிரிங்கைத் துடை. துருப்பிடித்த ஸ்பிரிங்கும் பிரெட்போர்டின் தளர்ந்த ஓட்டையும் சேர்ந்து அரை ஓம் ஆவது சாதாரணம்.

அளக்காமல் எதையும் நம்பாதே. மஞ்சள் மல்டிமீட்டரை 2000 மைக்ரோ ஆம்ப் ரேஞ்சில் செல்லோடு சீரீஸில் போட்டால் உள்ளே 100 ஓம் இருக்கும். சர்க்யூட் விழித்து 20 மில்லி ஆம்ப் இழுத்தவுடன் 2 வோல்ட் மீட்டரிலேயே விழுந்து, சிப் ரீசெட் ஆகும், மறுபடி விழிக்கும், மறுபடி ரீசெட். நீ சர்க்யூட் கெட்டுப்போனது என்று நினைப்பாய். மீட்டரின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு வயரை வைத்துக்கொள், சர்க்யூட் தூங்கியபின் வயரை எடு, ரீடிங்கைப் பார், விழிக்கும் முன் மறுபடி வை. பூஸ்ட் விட்டு விட்டு இழுப்பதால் எண் ஆடும். மீட்டருக்கும் பூஸ்டுக்கும் நடுவில் ஒரு எலக்ட்ரோலிடிக் வைத்தால் நிற்கும். அளக்கவேண்டியது செல் பக்கம். அவுட்புட் பக்கம் எவ்வளவு என்பது உன் செல்லுக்குத் தெரியாது.

மைக்ரோகன்ட்ரோலர் பூஸ்டின் அவுட்புட்டில் இருந்தால், அது தன் சப்ளையை அளந்து பேட்டரி எவ்வளவு என்று சொல்லும் கோடு பயன்படாது. சாகும் நிமிடம் வரை 3.3 என்றே சொல்லும். செல்லிலிருந்து தனியாக ஒரு டிவைடர் போட்டு, 1.1 வோல்ட் உள் ரெஃபரன்ஸோடு ஒப்பிட்டு அளக்கவேண்டும். ரெசிஸ்டர்கள் மெகா ஓமில் இருக்கட்டும், கூடவே 100 நானோ ஃபாரட். செல் ஒன்றுக்கு 1 வோல்ட் வந்ததும் எச்சரிக்கை அனுப்பச் செய்.

அந்த எச்சரிக்கை வந்ததும் செல்லை மாற்று, "இன்னும் ஓடுதே" என்று விடாதே. பூஸ்டுக்கு எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரியாது. ரீசார்ஜபிள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் சீரீஸில் இருந்தால், பலவீனமான செல்லை மற்றது தலைகீழாக்கிக் கெடுத்துவிடும். அதற்கு 1 வோல்ட்டே எல்லை. அல்கலைன் செல்லை முழுக்க உறிஞ்சி ஹோல்டரிலேயே விட்டால் வெள்ளைப் பொடியாகக் கசியும். அது பொட்டாசியம் ஹைட்ராக்சைடிலிருந்து வருவது, ஸ்பிரிங்கையும் போர்டின் செப்பையும் தின்னும். கசிந்திருந்தால் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடை, பிறகு தண்ணீர் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடு, கையில் பட்டால் உடனே கழுவு. 0.9-க்கு வந்த செல்லை அன்றைக்கே கழற்றிவிடு.